கன்னி ஊற்றுக்குப் போகும் பாதை

பள்ளி வீடு, மின்ஸ்பேட்ச், ஷ்ராப்ஷயர்
14 ஜனவரி 1968

அன்புள்ள வின்னி அக்காவுக்கு,

தம்பி க்ளெம் எழுதுவது. நானும் டாரத்தியும் நலம். என் நெஞ்சுச் சளி மட்டும் பழைய குடித்தனக்காரன் போலக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. நீயும் ஹேமிஷும் பிள்ளைகளும் சுகமா? நியூசிலாந்தில் இப்போது நல்ல வெயிலாமே, கொடுத்துவைத்தவர்கள்.

என் புத்தகம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மின்ஸ்பேட்ச் சுற்றுவட்டாரத்தில் பார்க்க வேண்டிய பதினேழு இடங்கள். கைப்பிடிச் சுவரில்லாத பொதிக்குதிரைப் பாலம், பழைய சுங்க வீடு, கோயிலில் தொழுநோயாளிகள் எட்டிப் பார்த்த ஜன்னல், மழைமேகம் வந்து உட்காரும் பிசாசின் நாற்காலிப் பாறை எல்லாம் உண்டு. கண்நோய் தீர்க்கும் என்று ஊரார் நம்பும் கன்னி ஊற்றுக்குத்தான் நீளமான அத்தியாயம்.

ஆனால் அந்த ஊற்றுக்கே இப்போது ஆபத்து. ஹார்க்காட் மாளிகையை வாங்கிய மேஜர் லாங்ஃபீல்ட் நவம்பரில் ஊற்றுப் பாதையின் வாயிலைச் சங்கிலி போட்டு அடைத்துவிட்டார். தன் சொந்த நிலமாம். நாங்கள் விடுவோமா? ஜூனில் விசாரணை. சட்டப்படி, இருபது வருஷம் ஒரு நாள்கூடத் தடையில்லாமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது பொதுப்பாதை. அப்புறம் ராஜாவே வந்தாலும் அடைக்க முடியாது.

நீ ஊரைவிட்டுப் போகும்வரை தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கும் கடைக்கும் இறங்கினாய். பாதையின் மேல்முனையில் இருந்த நம் வீட்டில் வளர்ந்தவர்களில் மிச்சம் நீயும் நானும்தான், அப்போது நான் சிறுவன் என்பதால் என் சாட்சியை லேசாகத்தான் எடுப்பார்கள். படிவம் இணைத்திருக்கிறேன். ஒன்பதாவது கேள்விதான் முக்கியம்: வாயில் எப்போதாவது பூட்டப்பட்டதா? 'ஒருபோதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, உங்கள் ஊர் நீதிபதி முன் முத்திரை வாங்கி அனுப்பு.

அப்பாவைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். 'அமோஸ் கிட்டின்ஸ் கடுங்குளிரிலும் வாயிலருகே நின்று இந்தப் பாதையைக் காத்தார்.' அவர் அங்கே நிற்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிடிக்கிறதா?

பிள்ளைகளுக்கு முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி,
க்ளெம்


ஒட்டாகோ, நியூசிலாந்து
11 பிப்ரவரி 1968

அன்புள்ள க்ளெம்,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம். ஹேமிஷுக்கு இடுப்புப் பிடிப்பு. ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் நாட்களில் மட்டும் சரியாக வந்துவிடும், அதுவும் ஒரு திறமைதான். பெரியவள் ஜீன் தட்டச்சு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஆப்ரிகாட் பழம் இந்த வருஷம் மரம் தாங்காமல் காய்த்தது. ஜாம் கிளறிக் கிளறிக் கை ஓய்ந்துவிட்டது.

உன் சளிக்கு டாரத்தியை வெங்காயம் வேகவைத்துத் தரச்சொல். புத்தகம் எழுதுகிறேன் என்று ஈரக் கோயில்களில் உட்கார்ந்துகொண்டிருக்காதே. பாலத்தைப் பற்றி எழுதுவதானால், அதன்மேல் ஓடி நீ ஆற்றில் விழுந்ததையும் சேர்த்துக்கொள்.

டாரத்திக்கு என் அன்பு.

உன் அக்கா,
வினிஃப்ரெட்


மின்ஸ்பேட்ச்
3 மார்ச் 1968

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். வெங்காயம் சாப்பிட்டேன், இப்போது சளியும் இருக்கிறது, வகுப்பில் பிள்ளைகள் யாரும் பக்கத்திலும் வருவதில்லை.

ஜாமைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீ படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே. உறையிலிருந்து விழுந்துவிட்டதோ என்று இன்னொன்று அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் ஊர்க் கூட்டம். கூடம் நிறைந்துவிட்டது. கறிக்கடை பெடோஸ் எழுந்து, "எங்க அம்மா கண்ணு தெரியறதுக்கே அந்த ஊத்துத் தண்ணிதாங்க காரணம். மேஜர் என்ன, தண்ணிக்கும் சங்கிலி போடுவாரா?" என்று ஒரே சத்தம். அவன் அம்மா அங்கேயே உட்கார்ந்து, "டேய், எனக்குக் கண்ணு சரியானது ஆஸ்பத்திரியில. உட்காருடா" என்றாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனாலும் நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நால்வரும் 'ஒருபோதும் பூட்டியதில்லை' என்றே. தினமும் மேலேயிருந்து இறங்கியவள் நீ. உன் சொல்தான் எடைபோடும் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார்.

புதன்கிழமை அம்மாவின் கல்லறைக்குப் போனேன். தவக்காலம் தொடங்கும் அந்தச் சாம்பல் புதன் வந்தாலே எனக்கு அந்தப் பனிதான் ஞாபகம். இருபத்தொரு வருஷம். பனி மட்டும் வழியை மூடாமல் இருந்திருந்தால் பிரசவம் பார்க்க நர்ஸ் நேரத்துக்கு வந்திருப்பார், அம்மாவும் பாப்பாவும் பிழைத்திருப்பார்கள். புத்தகத்தில் அந்தப் பெரும்பனியையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

உடனே பதில் போடு.

உன்,
க்ளெம்


ஒட்டாகோ
24 மார்ச் 1968

அன்புள்ள க்ளெம்,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

படிவங்கள் இரண்டும் வந்தன. எனக்குப் பழையதெல்லாம் மறந்துபோய்விட்டது. நான்கு பேர் எழுதிக்கொடுத்திருக்கிறார்களே, போதாதா? இவ்வளவு தூரத்தில் இருக்கிறவள் சொல்லையா கேட்கப்போகிறார்கள். என்னை விட்டுவிடு.

அப்பாவைப் பற்றிய வரி உனக்குப் பிடித்திருந்தால் சரி.

அம்மாவின் கல்லறையில் என் பெயரால் ஒரு கொத்துப் பனித்துளிப் பூ வைத்தாயா? வைத்திருந்தால் நன்றி.

வினிஃப்ரெட்


மின்ஸ்பேட்ச்
9 ஏப்ரல் 1968

அன்புள்ள அக்கா,

உடம்பு பரவாயில்லை. மனசுதான் சரியில்லை.

மறந்துபோனதா? பால் செம்போடு அந்தப் பாதையில் ஏறி இறங்கி உன் காலே தேய்ந்திருக்கும். நான் பாலத்திலிருந்து விழுந்தது நினைவிருக்கிறது, வாயில் நினைவில்லையா?

உன்னை விட்டால் யார் என்று யோசித்து, அன்று அம்மாவுக்கு வந்த நர்ஸ் டிப்டனை லட்லோ முதியோர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். எழுபத்தொன்பது வயது. பிஸ்கட் வாங்கிப்போனேன். பாதையைப் பற்றிக் கேட்டதும் பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"நீ அமோஸ் மகன்தானே?" என்றார்.

"ஆமாம்மா."

"உன் அக்கா எழுதிக் குடுத்தாளா?"

"இன்னும் இல்லீங்க. நீங்க சொல்லுங்களேன், அந்த வாசலை யாராவது பூட்டிப் பாத்திருக்கீங்களா?"

"அவளைக் கேளு. நான் சொல்ல மாட்டேன். என் வாயால வேணாம்."

அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வயதானால் இப்படித்தான் போலிருக்கிறது. இல்லத்துப் பெண் என்னைத் திட்டாத குறை.

மே இருபதுக்குள் படிவம் ஷ்ரூஸ்பரி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பிறகு வாங்க மாட்டார்கள். இந்தப் பாதை போனால் ஊருக்கென்று எதுவும் மிஞ்சாது. அக்கா, இதுவரை உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

க்ளெம்


ஒட்டாகோ
22 ஏப்ரல் 1968

அன்புள்ள க்ளெம்,

முதலில் உட்கார். டாரத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அந்த வாயில் வருஷத்துக்கு ஒரு நாள் பூட்டப்பட்டது. சாம்பல் புதன்தோறும், காலை எட்டு மணியிலிருந்து சூரியன் சாயும்வரை. ஒரு நாள் பூட்டினால் போதும், மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் ஜனங்கள் நடப்பது உரிமை ஆகாது, மாளிகை எஜமானின் தயவு என்று ஆகிவிடும். அதனால்தான் பழைய எஜமானர்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று பள்ளி கிடையாது, ஊரே கோயிலில் இருக்கும், யாருக்கும் தெரியாது. உன் நான்கு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. அந்த நாளில் அவர்கள் அங்கே போனதே இல்லை.

பூட்டியவர் அப்பா. விடிவதற்குமுன் மாளிகைக்குப் போய்ச் சாவி வாங்கி வருவார். யார் வந்தாலும் திருப்பி அனுப்பி, ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அதற்காகத்தான் எஜமான் நமக்கு அந்த வீட்டைக் கொடுத்திருந்தார். அவர் பாதையைக் காத்து நின்றார் என்று நீ எழுதியது இதைத்தான். தூரத்திலிருந்து அவர் நிற்பதைப் பார்த்தாய், பூட்டைப் பார்க்கவில்லை.

நாற்பத்தேழில் அன்று காலை, அப்பா போன பிறகு அம்மாவுக்கு வலி எடுத்தது. உன்னை அம்மாவிடம் உட்காரவைத்துவிட்டு ஏழரைக்கு நான் இறங்கினேன். அப்போது வாயில் திறந்திருந்தது. பனி முழங்கால்வரைதான். ஆட்கள் நடந்து நடந்து பாதை தெளிவாக இருந்தது. நர்ஸ் வேறு வீட்டில் இருந்தார். தேடிப்பிடித்துக் கூட்டிவரப் பத்து மணி. வாயிலில் அப்பா நிற்கிறார். பூட்டியிருக்கிறது.

"அம்மாவுக்கு வலி வந்துடுச்சுப்பா, கதவைத் திறங்க" என்றேன்.

"இன்னிக்குத் திறக்கக் கூடாது வின்னி. ரோட்டு வழியா போங்க."

நர்ஸ் டிப்டன் பையைக் கீழே போட்டுவிட்டார். "அமோஸ், உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? ரோடு நாலு மைல், பனி மலையாக் குவிஞ்சு கிடக்கு. இங்கேர்ந்து உன் வீடு அரை மைல். அங்க கிடக்கிறது உன் பொண்டாட்டிய்யா!"

"ஒரு ஆள் உள்ளே போனாலும் இந்த வருஷம் பூட்டுனது செல்லாதுங்க. மேலேர்ந்து எஜமானோட ஏஜென்ட் தூரக்கண்ணாடி வெச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. வீட்டை விட்டுத் துரத்திட்டா இந்தப் பனியில நாங்க எங்க போவோம்? அவளுக்கு நேரமாகும். க்ளெம் பொறந்தப்ப ஒரு நாள் முழுக்க ஆச்சு."

நான் கம்பியைப் பிடித்து ஆட்டினேன். அப்பா என் கையைப் பிரித்துவிட்டார், அடிக்கவில்லை. மேலே ஈட்டி முனைகள், இரண்டு பக்கமும் சுவர். நர்ஸுக்கு அப்போதே ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. நாங்கள் திரும்பும்போது பார்த்தேன், அப்பா பென்சிலை நாக்கில் தொட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

ரோட்டு வழியாக வந்துசேர மணி ஒன்று. மற்றது உனக்குத் தெரியும்.

பனி என்று சொன்னது அப்பா. நீ சின்னவன், உனக்கு ஒரு அப்பாவாவது வேண்டுமே என்று நானும் ஆமாம் போட்டேன். நர்ஸையும் கெஞ்சி வாயை மூடவைத்தேன். அதற்குப் பிறகு அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை. பூமியில் இதற்குமேல் தள்ளிப் போக இடமில்லை என்று இங்கே வந்தேன். அவர் சாகும்வரை ஒரு வருஷம் தவறாமல் பூட்டியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது சொல், ஒன்பதாவது கேள்விக்கு நான் என்ன எழுத?

உடம்பைப் பார்த்துக்கொள், தம்பி.

வின்னி


ஒட்டாகோ
6 மே 1968

அன்புள்ள க்ளெம்,

என் கடிதம் கிடைத்ததா? தினமும் தபால்காரரைப் பார்த்து நிற்கிறேன். கோபமானாலும் எழுது. டாரத்தியாவது இரண்டு வரி எழுதட்டும்.

வின்னி


மின்ஸ்பேட்ச்
7 மே 1968

அக்காவுக்கு,

நலம்.

உன் கடிதம் ஒரு வாரமாக என் சட்டைப்பையில் இருக்கிறது. டாரத்தியிடம் காட்டவில்லை.

அன்று அம்மா என்னைப் பார்த்து, "வர்றாங்களாடா? ஜன்னல்ல பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னலில் பார்க்காமலே "வர்றாங்கம்மா, வர்றாங்க" என்றேன். பனியின்மேல் பழியைப் போட்டுத்தான் இத்தனை வருஷம் தூங்கினேன். அதையும் நீ எடுத்துக்கொண்டாய். அப்பாவின் கடைசி மூன்று வருஷம் அவருக்குக் கஞ்சி ஊட்டியது நான். நீ கடல்தாண்டி ஜாம் கிளறிக்கொண்டிருந்தாய். உண்மை தெரிந்தவள் இங்கே இருந்திருக்க வேண்டும், அல்லது கடைசிவரை வாயை மூடியிருக்க வேண்டும்.

சரி, ஆனது ஆகிவிட்டது. அம்மா திரும்பி வரப்போவதில்லை. பாதை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐம்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் என்னை நம்பியிருக்கிறார்கள், இந்த வழக்கைக் கிளப்பியவனே நான்தான். ஏஜென்ட் செத்துப்போனார். ஐம்பத்தொன்பதில் மாளிகை அலுவலகம் எரிந்தபோது நோட்டுகளும் போய்விட்டன. நர்ஸ் பேச மாட்டார். நீயும் நானும் தவிர யாருக்கும் தெரியாது.

'ஒருபோதும் இல்லை' என்று எழுது. எனக்காக எழுது. ஷ்ரூஸ்பரியில் மன்றாடி ஜூன் பத்துவரை தவணை வாங்கியிருக்கிறேன்.

க்ளெம்


ஒட்டாகோ
18 மே 1968

அன்புள்ள க்ளெம்,

நலம்தான்.

படிவம் இதனுடன். நேற்று நகரத்துக்குப் போய் நீதிபதி முன் கையெழுத்துப் போட்டேன். பைபிளில் கை வைக்கச் சொன்னார், வைத்தேன். எந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டினேனோ அந்த வாயில் ஒருபோதும் பூட்டப்பட்டதில்லை என்று என் கையாலேயே எழுதிக்கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவினேன், இரண்டு தடவை.

அப்பாவைப்போலவே நானும் சொன்னபடி செய்திருக்கிறேன். எனக்கென்று பிறந்தவீட்டில் மிச்சம் நீ ஒருவன்தான், அதனால்.

வின்னி


மின்ஸ்பேட்ச்
30 ஜூன் 1968

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வழக்கு தோற்றுவிட்டது. பத்திரிகையில் வந்த செய்தியைக் கத்தரித்து அனுப்ப மனம் வரவில்லை, நானே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்திலேயே விசாரணை. உன் வாக்குமூலத்தை எங்கள் வக்கீல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பெடோஸின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மேஜரின் வக்கீல் எழுந்து பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எரியவில்லையாம். பழைய எஜமானரின் மகள் வீட்டுப் பெட்டியில் இருந்ததாம். முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுவரை, ஒவ்வொரு சாம்பல் புதனுக்கும் ஒரு பக்கம்.

"இது உங்க அப்பா கையெழுத்துதானா, மிஸ்டர் கிட்டின்ஸ்?"

"ஆமாங்க."

"அப்போ 1947ஐப் படிக்கிறேன். 'பனி. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். நர்ஸ் டிப்டன். ஒரு பெண்பிள்ளை.' அந்தப் பெண்பிள்ளை யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பெயர் எழுதவில்லை அக்கா. ஒரு பெண்பிள்ளை என்றுதான் எழுதியிருந்தார். விசாரணை அதிகாரி என்னையே பார்க்கிறார், உன் வாக்குமூலம் அவர் மேஜைமேல் இருக்கிறது. தெரியும் என்றால் நீ பொய்ச்சத்தியம் செய்தவள்.

"தெரியாதுங்க" என்றேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன், நம்பு. ஆனால் சொன்னபோது கஷ்டமாக இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஊர்க்காரர்கள் என்மேல் கோபப்படவில்லை. மேஜரும் நினைத்த அளவு கெட்டவரில்லை. சங்கிலியை எடுத்துவிடுகிறேன், வருஷம் முழுக்க நடக்கட்டும், பழைய வழக்கப்படி சாம்பல் புதன் ஒரு நாள் மட்டும் பூட்டுவேன் என்கிறார். அன்று ஊர்க்காரர் ஒருவரே நின்றால் சண்டை வராது என்று எல்லாரும் சொன்னார்கள். யாராவது ஒருவர் நிற்கத்தானே வேண்டும். பெடோஸ் என் பெயரைச் சொன்னான், கை தட்டினார்கள். சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
க்ளெம்


ஒட்டாகோ
2 டிசம்பர் 1968

திரு. கிளெமெண்ட் கிட்டின்ஸ் அவர்களுக்கு,

உங்கள் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அனைவரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த சாம்பல் புதன் பிப்ரவரி பத்தொன்பதில் வருகிறது. நாற்பத்தேழில் வந்த அதே தேதி. காலை எட்டிலிருந்து சூரியன் சாயும்வரை நிற்க வேண்டும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். யாரையாவது திருப்பி அனுப்பினால் நோட்டில் எழுதுங்கள். தெரிந்தவர்களாக இருந்தால் பெயரோடு எழுதுங்கள்.

வினிஃப்ரெட்